விளாவாத வெந்நீர்: ஜப்பானின் ஓன்சென்கள்

வெந்நீர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் என்ன செய்வோம்? பக்கத்து வாளியிலிருந்து இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவிக்கொள்வோம். ஜப்பானின் குன்மா மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் குசாட்சு என்ற மலையூரில் அப்படிச் செய்வதில்லை. அங்கே மரத்தொட்டியைச் சுற்றிப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஆறடி நீளப் பலகை. அதைத் தொட்டிக்குள் இறக்கி இடமும் வலமுமாகப் புரட்டுகிறார்கள். பாட்டின் தாளத்துக்குப் பலகைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்ப, ஆவி எழுந்து கூரையில் முட்டுகிறது. இதற்கு யுமொமி என்று பெயர். வெந்நீரைப் பிசைவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

இன்று யுமொமி சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கிப் பார்க்கிற காட்சி. ஆனால் அது காட்சிக்காகப் பிறந்த வழக்கம் அல்ல. ஊற்றில் 50 டிகிரிக்கு மேல் பொங்கும் நீரை உடம்பு தாங்குகிற சூட்டுக்கு இறக்க வேண்டும். ஆனால் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் கலக்கக் கூடாது. கலந்தால் அதில் கரைந்திருக்கிற சரக்கு நீர்த்துவிடும். ஆகவே காற்றில் புரட்டிப் புரட்டி ஆற்றுகிறார்கள், நாம் டீயை ஆற்றுவதுபோல.

ஜப்பானிய வெந்நீர் ஊற்றுகளைப் புரிந்துகொள்ள இந்தப் பிடிவாதத்திலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் பூமிக்குள்ளிருந்து எப்படி வந்ததோ அப்படியே அதற்குள் இறங்க வேண்டும், தண்ணீருக்கு ஏற்றபடி மனிதன்தான் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அது. அந்த எண்ணம் எங்கே உறுதியாக நின்றது, எங்கே உடைந்தது, உடைந்தபோது என்ன ஆனது என்று பார்த்துக்கொண்டே போனால் ஜப்பானின் நிலவியல், சட்டம், மருத்துவம், சமூகம் எல்லாமே அந்தத் தொட்டிக்குள் வந்துவிடுகின்றன.

ஓன்சென் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் வெந்நீர் ஊற்று. நகரங்களில் சாதாரணத் தண்ணீரைக் காய்ச்சி நடத்தும் பொதுக்குளியல் கூடத்தின் பெயர் சென்டோ. அது வேறு, இது வேறு. நாடு முழுவதும் 27,000க்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள் கணக்கில் இருக்கின்றன. தங்கும் விடுதிகளோடு கூடிய ஓன்சென் ஊர்கள் மட்டும் 3,000 அளவுக்கு உண்டு. ஒரே நாட்டில் இவ்வளவு எப்படி?

ஜப்பானுக்கு அடியில் பூமி ஓட்டின் பெரும் பாளங்களான பசிபிக் தட்டும் பிலிப்பைன் கடல் தட்டும் சாய்வாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிய தட்டுகள் அவை. இறங்கும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகின்றன. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் சூடும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து மேலே தள்ளுகின்றன. நீர் கலந்த பாறை, வறண்ட பாறையைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். அப்படி உருகிய குழம்பு மேலேறி வருவதால்தான் நாட்டின் முதுகெலும்புபோல எரிமலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. இன்று உயிருள்ளவை என்று கணக்கிடப்பட்டிருக்கும் எரிமலைகள் 111.

குளிக்கிற தண்ணீர் எரிமலைக்குள்ளிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மழைநீர்தான், பனிநீர்தான். மலைமேல் பெய்த நீர் பாறை வெடிப்புகள் வழியாக இறங்கி, அடியில் கிடக்கும் சூட்டைத் தொட்டு, எரிமலை வாயுக்களை வாங்கிக்கொண்டு, திரும்ப மேலே வருகிறது. நீரில் இருக்கும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் எடை வேறுபாட்டை அளந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்று ஒருவர் தோளில் வழியும் நீர் பல பத்தாண்டுகளுக்கு முன் பெய்த மழையாக இருக்கலாம்.

எரிமலைக்கு எவ்வளவு பக்கத்தில் வெளிவருகிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். வாய்க்கு அருகே வந்தால் கந்தகமும் குளோரினும் தோய்ந்த அமிலநீர். தள்ளிப் போகப்போக உப்புநீர், இன்னும் தள்ளினால் சோடா உப்பு கலந்த மென்மையான நீர். குசாட்சுவின் நீர், அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் 2.1; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. அதில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் சில நாட்களிலேயே ஊசிபோல மெலிந்துவிடும். அகிதா மாகாணத்தின் தமகாவா ஊற்று அதையும் மிஞ்சியது: 98 டிகிரி சூடு, பி.எச். 1.2, ஒரே கண்ணிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 9,000 லிட்டர். மறுமுனையில், குளித்து எழுந்தால் தோல் வழவழவென்று இருக்கிற காரநீர் ஊற்றுகளுக்கு 'அழகியின் நீர்' என்று பெயர். அந்த வழவழப்புக்குக் காரணம் எளிது. நம் தோலில் இருக்கும் எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சோப்பு உண்டாகும். அதுதான் கையில் வழுக்குகிறது.

நிறமும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பால்போல் வெளுத்த ஓன்சென்கள் ஊற்றுக்கண்ணில் தெளிந்த நீராகத்தான் வருகின்றன. காற்று பட்டதும் கரைந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு மாறி, நுண்ணிய கந்தகத் துகளாக மிதக்கும்போதுதான் வெளுக்கின்றன. இரும்பு இருந்தால் துருவின் செம்பழுப்பு. கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் மிதந்தால் நீல ஒளி சிதறி வானநிறம். அழுகிய முட்டை வாடையைக் கந்தக வாடை என்கிறோம். கந்தகத்துக்கு உண்மையில் வாடையே இல்லை, அது ஹைட்ரஜன் சல்பைடின் வாடை. அளவு மீறினால் அந்த வாயு கொல்லும். 2005 டிசம்பரில் அகிதாவின் தோரோயு ஓன்சென் பகுதியில், பனிக்குழி ஒன்றில் தேங்கியிருந்த அதே வாயுவால் ஒரு குடும்பத்தின் நான்கு பேர் இறந்துபோனார்கள்.

முட்டை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். முட்டையின் மஞ்சள் கரு 65-70 டிகிரியில் இறுகிவிடும். வெள்ளை முழுதாக இறுக 80 டிகிரியாவது வேண்டும். ஆக 70 டிகிரி ஊற்றில் அரைமணி நேரம் போட்டு எடுத்தால் உள்ளே மஞ்சள் கெட்டியாகவும் வெளியே வெள்ளை தயிர்போலத் தளதளவென்றும் இருக்கும். நம் அவித்த முட்டைக்கு நேர்த் தலைகீழ். ஹகோனேயின் ஓவாகுதானியில் அவிக்கிற முட்டையின் ஓடு கன்னங்கரேல் என்று வருகிறது. ஊற்றின் இரும்பு ஓட்டில் ஒட்டி, ஹைட்ரஜன் சல்பைடோடு சேர்ந்து கறுக்கிறது. ஒன்று தின்றால் ஆயுள் ஏழு ஆண்டு கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். அப்புறம், கியூஷு தீவின் பெப்பு நகரில் 2,000க்கும் மேல் ஊற்றுக்கண்கள். அங்குள்ள கன்னவா பகுதியில் தெருவோரமெல்லாம் புகைகிற ஆவியில் சோளம், கிழங்கு, மீன் என்று எல்லாவற்றையும் வேகவைக்கிறார்கள். அந்த முறைக்கு 'நரக அவியல்' என்று பெயர். கொதிக்கிற குளங்களை அவர்கள் பழங்காலத்திலிருந்தே நரகம் என்றுதான் அழைத்துவந்தார்கள்.

எரிமலையே இல்லாத இடத்திலும் ஊற்று உண்டு என்பதற்கு இரண்டு பழைய ஊர்கள் சாட்சி. கோபே நகரின் மலைக்குப் பின்னால் இருக்கும் அரிமாவில் கடல்நீரைவிட உப்பான, இரும்புப் பழுப்பு நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. பக்கத்தில் உயிருள்ள எரிமலை கிடையாது. கீழே இறங்கும் பிலிப்பைன் கடல் தட்டிலிருந்து பிழிந்து வெளியேறிய பழங்கடல் நீரே வெடிப்புகள் வழியாக அங்கே ஏறி வருகிறது என்பது ஆய்வாளர்கள் வந்திருக்கும் முடிவு. மழைநீர்க் கதைக்கு இது ஒரு விலக்கு. 631இல் பேரரசர் ஜோமெய் இங்கே வந்து தங்கியதை நிஹோன் ஷோகி வரலாற்று நூல் குறித்து வைத்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் நாட்டை ஒன்றாக்கிய ஹிதெயோஷி திரும்பத் திரும்ப வந்த இடமும் இதுதான்.

இன்னொன்று ஷிகோகு தீவின் மத்சுயாமா நகரில் இருக்கும் தோகோ. காலில் அடிபட்ட கொக்கு ஒன்று இந்த நீரில் காலை நனைத்துக் குணமானதைப் பார்த்துத்தான் மக்கள் குளிக்கத் தொடங்கினார்கள் என்பது அங்குள்ள கதை. 1894இல் கட்டிய மூன்றடுக்கு மரக் குளியல் மாளிகையின் உச்சியில் இன்றும் ஒரு கொக்கு நிற்கிறது. ஆனால் தோகோவில் என்னை உட்கார வைத்தது அந்தக் கொக்கு அல்ல, அங்கே நீர் நின்றுபோன நாட்களின் பட்டியல். 684இல் பெரும் நிலநடுக்கம் வந்தபோது இந்த ஊற்று நின்றுபோனது என்று நிஹோன் ஷோகி எழுதியிருக்கிறது. 1707இல் நின்றது. 1854இல் நின்றது. 1946 டிசம்பரில் நின்றது. சுமார் எழுபது நாள் கழித்துத்தான் திரும்பியது. நான்கும் நன்காய் என்ற கடலடிப் பள்ளத்தை ஒட்டிய பெருநடுக்கங்கள். நடுக்கத்தின்போது நிலம் விரிந்துகொடுத்தால் பாறைக்குள் நீரின் அழுத்தம் குறையும், நீர்மட்டம் கீழே போகும். கருவி எதுவும் இல்லாத ஏழாம் நூற்றாண்டில், ஒரு குளியல் தொட்டி வறண்டதை யாரோ எழுதி வைத்ததால், இன்று நிலநடுக்க ஆய்வாளர்கள் 1,300 ஆண்டு வரலாற்றைக் கணக்குப் போட முடிகிறது.

தோகோவிலும் விளாவுவதில்லை. பதினெட்டு ஊற்றுக்கண்கள்; சிலவற்றில் சூடு அதிகம், சிலவற்றில் குறைவு. ஊற்றுநீரையே ஊற்றுநீரோடு கலந்து 42 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். காய்ச்சுவதும் இல்லை, குழாய்நீர் சேர்ப்பதும் இல்லை.

சரி, ஓன்சென் என்று எதைச் சொல்லலாம் என்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1948இல் வந்த ஓன்சென் சட்டத்தின்படி, பூமியிலிருந்து வெளிவரும்போது 25 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும். அல்லது பட்டியலில் உள்ள 19 பொருட்களில் ஏதாவது ஒன்று குறித்த அளவுக்கு இருந்தால், நீர் ஜில்லென்று இருந்தாலும் அது ஓன்சென்தான். இந்த வரையறை தாராளமானது. பூமிக்குள் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சுமார் மூன்று டிகிரி சூடு கூடும். ஆயிரம் மீட்டருக்குமேல் துளை போட்டால் எரிமலையே தேவையில்லை, டோக்கியோவின் நடுவிலும் ஓன்சென் கிடைக்கும். 1988-89இல் அரசு ஒவ்வொரு ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் 10 கோடி யென் கொடுத்து, ஊரை வளர்க்க எப்படி வேண்டுமானாலும் செலவழியுங்கள் என்றது. பல ஊர்கள் அந்தப் பணத்தில் ஆழ்துளை போட்டு ஓன்சென் எடுத்தன.

ஆழத்திலிருந்து வருகிற நீரோடு வேறு சிலவும் வரும். 2007 ஜூனில் டோக்கியோவின் ஷிபுயாவில், 1,500 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் எடுத்த ஒரு குளியல் நிலையத்தில், நீரோடு வந்த மீத்தேன் வாயு அடைபட்டுத் தேங்கி வெடித்தது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மீத்தேனைப் பிரித்து வெளியேற்றும் விதிகள் ஓன்சென் சட்டத்துக்குள் வந்தன.

உயிர்ச்சேதம் இல்லாவிட்டாலும் மக்கள் மனதை அதிகம் புண்படுத்தியது 2004இல் வெளிவந்த செய்தி. நகானோ மாகாணத்தில் ஷிராஹோனே என்ற ஊர். பெயருக்கே வெண்ணெலும்பு என்று பொருள். பால்வெள்ளை நீருக்குப் பேர்போன அந்த ஊரில், நீரின் வெண்மை மங்கியபோது கடையில் விற்கும் குளியல் பொடியைக் கரைத்துவந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அடுத்தடுத்துப் பல ஓன்சென்களில் வெறும் குழாய்நீரைக் காய்ச்சி ஊற்றியதும், கிணற்றுநீரை ஓன்சென் என்று சொன்னதும் வெளியே வந்தன. 2005 முதல் நீர் சேர்க்கிறார்களா, காய்ச்சுகிறார்களா, சுத்திகரித்துச் சுற்றிவிடுகிறார்களா, மருந்து கலக்கிறார்களா என்று நான்கையும் பலகையில் எழுதி வைப்பது கட்டாயம். எதுவும் செய்யாமல், ஊற்றிலிருந்து வந்து தொட்டியில் நிரம்பி வழிந்து ஓடிவிடும் நீருக்கு கென்சென் ககெனகாஷி என்று பெயர். ஜப்பானியர் ஒருவர் விடுதி தேடும்போது இந்தச் சொல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். உணவில் கலப்படம் என்றால் நமக்கு வருகிற கோபம் அவர்களுக்கு வெந்நீரில் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

மாறாக, குளிக்கிற தொட்டிக்கு வெளியே தண்ணீரை இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டதால் வந்த கேடும் உண்டு. தமகாவாவின் அமிலநீர் கலந்த ஆற்றை அந்தப் பக்கத்து உழவர்கள் நஞ்சாறு என்றே சொல்லிவந்தார்கள். 1940இல், மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும், அந்த ஆற்றை ஜப்பானின் மிக ஆழமான ஏரியான தசாவாவுக்குள் திருப்பினார்கள். பெரிய ஏரியில் கலந்தால் அமிலம் நீர்த்துவிடும் என்பது கணக்கு. சொல்லப்போனால், ஓர் ஏரியையே விளாவு பாத்திரமாக்கினார்கள். ஏரியில் இருந்த மீன் ஏறக்குறைய எல்லாம் செத்தது. உலகில் வேறெங்கும் இல்லாத குனிமாசு என்ற மீன் அடியோடு அழிந்தது. 1990களில், உயிரோடு ஒரு குனிமாசுவைக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்று அறிவித்தும் பார்த்தார்கள், யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ஏரி கெடுவதற்கு ஐந்தாண்டு முன்பு, 1935இல், அதன் முட்டைகளைச் சில ஏரிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். 2010இல் ஃபூஜி மலை அடிவாரத்தின் சாய்கோ ஏரியில், அங்குள்ள மீனவர்கள் குரோமாசு, அதாவது கறுப்பு ட்ரவுட் மீன் என்று சொல்லிச் சாதாரணமாகப் பிடித்துவந்த மீன்தான் அது என்று ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். தசாவா ஏரிக்கு இன்னும் அதைத் திரும்பக் கொண்டுபோக முடியவில்லை. சுண்ணாம்புக்கல் கொண்டு அமிலத்தை முறிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

குசாட்சுவிலும் 1964 முதல் ஆற்றில் சுண்ணாம்புக் கரைசல் ஊற்றுகிறார்கள், இரவு பகல் நிறுத்தாமல். அதற்கு முன்பு அந்த ஆற்றில் மீன் கிடையாது; இரும்புப் பாலமும் கான்கிரீட் தூணும் நிற்காது.

இப்போது உடம்புக்கு வருவோம். ஓன்சென்னில் குளித்தால் நோய் தீருமா? குசாட்சுவை உலகுக்குச் சொன்னவர் எர்வின் ஃபோன் பெல்ட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர். 1876இல் டோக்கியோவில் மருத்துவம் கற்பிக்க வந்து முப்பது ஆண்டு அளவுக்கு இருந்தவர். ஊற்றும் மலைக்காற்றும் சேர்ந்த குசாட்சுவைப் போன்ற இடம் அரிது என்று எழுதினார். அவருக்கு முன்பே உழவர்கள் அறுவடை முடிந்ததும் அரிசி, மிசோ எல்லாம் கட்டிக்கொண்டு வந்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு ஓன்சென்னில் தங்குவார்கள். தோஜி என்ற இந்தச் சிகிச்சைத் தங்கலுக்கு ஏழு நாள் ஒரு சுற்று. மூன்று சுற்று இருந்தால் நல்லது என்பார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் உடம்பு அசந்து, மந்தமாகி, படுத்துவிடத் தோன்றும். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: யுஅத்தாரி, அதாவது வெந்நீர் தாக்குவது. அப்போது குளியலைக் குறைத்து ஓய்வெடுப்பார்கள். குசாட்சுவில் 48 டிகிரி நீருக்கு ஒரு முறை இருந்தது. குளியல் தலைவர் ஒருவர் நின்று நேரம் சொல்வார். தலையில் முப்பது முறை வெந்நீர் ஊற்றிக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக இறங்கி, அலை எழுப்பாமல் அசையாமல் மூன்று நிமிடம் இருந்து, ஒன்றாக எழ வேண்டும்.

இன்று தெளிவாகத் தெரிந்த பயன்களில் முதலாவது சூடுதான். கழுத்துவரை நீரில் இருக்கும்போது உடல் எடை பத்தில் ஒன்றாகத் தோன்றும். மூட்டுக்கு அது பெரிய ஆறுதல். ரத்தக்குழாய் விரிகிறது, தசை தளர்கிறது. எழுந்து ஒன்றரை மணி நேரத்தில் உடம்பின் உள்சூடு தணியும்போது தூக்கம் நன்றாக வருகிறது. கரைந்திருக்கும் பொருளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு: உப்புநீர் தோலில் படலமாகத் தங்கிச் சூட்டைப் பிடித்து வைக்கும், கார்பன் டை ஆக்சைடு தோல்வழி நுழைந்து குழாய்களை விரிக்கும். ஆனால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பட்டியலில் மூட்டுவலி, தசைவலி, குளிர்தாங்காமை போன்றவற்றுக்கு 'ஏற்றது' என்றுதான் இருக்கிறது. நோயைத் தீர்க்கும் என்று இல்லை. கர்ப்பிணிகள் இறங்கக் கூடாது என்று நெடுங்காலம் பலகையில் எழுதியிருந்ததை, ஆதாரம் இல்லை என்று 2014இல் நீக்கினார்கள். குளிர்ந்த அறையிலிருந்து கொதிநீருக்கு ஒரேயடியாக இறங்கும் முதியவர்களுக்கு ஆபத்து உண்மையிலேயே உண்டு. ஜப்பானில் வீட்டுத் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியவர்கள் சாலை விபத்தில் இறக்கும் முதியவர்களைவிட அதிகம்.

நோய் என்று வரும்போது குசாட்சுவின் ஒரு பகுதியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் நூற்றாண்டின் பேரரசி கோம்யோ, ஆயிரம் ஏழைகளைத் தன் கையால் குளிப்பாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று ஒரு பழங்கதை உண்டு. ஆயிரமாவதாக வந்தவர் தொழுநோயாளி. பேரரசி தயங்காமல் அவரைத் தேய்த்துக் குளிப்பாட்ட, அவர் புத்தராக ஒளிவீசி மறைந்தாராம். கோயில்கள் ஏழைகளுக்கு இலவசமாகக் குளியல் கொடுத்த நாடு அது. குசாட்சுவின் அமிலநீர் தோல் நோயைத் தீர்க்கும் என்று நம்பித் தொழுநோயாளிகள் நெடுங்காலமாக அங்கே வந்துகொண்டிருந்தார்கள். 1887இல் அவர்களை ஊரின் ஓரத்தில், பள்ளத்தாக்கில், யுனோசாவா என்ற தனிப்பகுதிக்கு அனுப்பினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே தங்களுக்கென்று ஓர் ஊரையே எழுப்பினார்கள்: கடை, விடுதி, குளியல் தொட்டி, திருமணம், குழந்தைகள், தங்களுக்குள் தேர்தல். மேரி கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1916இல் வந்து சேர்ந்து, மருத்துவமனையும் பள்ளியும் இல்லங்களும் கட்டினார்.

பிறகு அரசு எல்லாரையும் அடைத்து வைப்பது என்று முடிவெடுத்தது. 1932இல் பக்கத்திலேயே தேசியத் தொழுநோய் இல்லம் திறந்தது; 1940களின் தொடக்கத்தில் யுனோசாவா கலைக்கப்பட்டது. அந்த இல்லத்தின் காட்டுக்குள் 1938 முதல் 1947 வரை ஒரு தண்டனைச் சிறை இருந்தது. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிவரை இறங்குகிற இடம். அறையில் கணப்பு இல்லை, விளக்கு இல்லை. நாடெங்கும் இருந்து எதிர்த்துப் பேசிய நோயாளிகள் 93 பேரை அங்கே அடைத்தார்கள். 23 பேர் இறந்தார்கள். வெந்நீர் வற்றாத ஊரில் குளிரில் விறைத்து இறந்தவர்களும் அவர்களில் உண்டு. அடைத்து வைக்கும் சட்டம் 1996இல்தான் நீங்கியது. 2003இல்கூட, குமமோத்தோ மாகாணத்தில் ஓர் ஓன்சென் விடுதி, எப்போதோ குணமடைந்துவிட்ட முன்னாள் நோயாளிகளுக்கு அறை தர மறுத்தது. தண்ணீருக்குத் தங்களைப் பழக்கிக்கொண்ட பொறுமை, மனிதர்கள் விஷயத்தில் இல்லாமல் போயிற்று.

தொட்டிக்குள் யார் வரலாம் என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. உள்ளே போகும் முறை இதுதான்: துணி முழுவதையும் கழற்றிக் கூடையில் வைக்க வேண்டும். தாழ்வான சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு நுரை ஒரு பொட்டும் மிச்சமில்லாமல் உடம்பைத் தேய்த்து அலச வேண்டும். பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். கையில் இருக்கும் சின்னத் துண்டு நீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். நூறு பேர் இறங்குகிற நீர், மருந்தும் கலக்காத நீர் என்றால் இந்தக் கண்டிப்பு வேண்டியதுதான். உடையோடு சேர்த்துப் பதவியையும் கழற்றிவிட்டு உட்காரும் நட்புக்கு, நிர்வாண நட்பு என்றே அவர்கள் மொழியில் ஒரு தொடர் உண்டு.

ஆனால் பச்சை குத்தியவர்களுக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை. 1872இல் மெய்ஜி அரசு பச்சை குத்துவதையே தடை செய்தது. 1948வரை அந்தத் தடை இருந்தது. பின்னாளில் அது யாகுசா ரவுடிக் கும்பல்களின் அடையாளமாகிப் போனது. 2013இல் ஹொக்கைடோவில், முகத்தில் மரபுப் பச்சை குத்தியிருந்த, நியூசிலாந்துப் பழங்குடியான மாவோரிப் பெண்மணி ஒருவரைக் குளிக்க விடவில்லை. அழிந்துவரும் மொழிகள் பற்றிய மாநாட்டுக்கு விருந்தினராக வந்தவர் அவர். 2015இல் ஜப்பான் சுற்றுலாத் துறை கேட்டபோது, பதில் சொன்ன விடுதிகளில் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களைச் சேர்ப்பதில்லை என்றன. ஒட்டுப்பட்டையால் மறைத்துக்கொண்டு வாருங்கள் என்பவர்கள் மெல்லக் கூடிவருகிறார்கள்.

மனிதர் இறங்க முடியாத சூட்டிலும் குடியிருக்கிறவை உண்டு. இசு தீபகற்பத்தின் மினே ஊற்றிலிருந்து ஓஷிமா தைரோ என்ற உயிர்வேதியியலாளர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்று பெயரிட்ட அது 70 டிகிரியில் சுகமாக வளரும். அந்தச் சூட்டிலும் குலையாத அளவுக்கு அதன் புரதங்கள் கெட்டியானவை. ஆகவே ஆய்வகத்தில் நல்ல படிகங்களாக உறைகின்றன. செல்லுக்குள் புரதம் செய்கிற இயந்திரமான ரைபோசோமின் சிறு பாதி எப்படி இருக்கும் என்று அணு அணுவாகக் காட்டிய 2000ஆம் ஆண்டு ஆய்வு, இந்த மினே பாக்டீரியாவைக் கொண்டுதான் நடந்தது. அதை நடத்தியவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததில் ஒரு ஜப்பானிய வெந்நீர் ஊற்றுக்கும் பங்கு உண்டு.

இனி வரப்போகிற சண்டை மின்சாரத்தைப் பற்றியது. புவிவெப்ப வளத்தில் அமெரிக்கா, இந்தோனேசியாவுக்கு அடுத்து ஜப்பான் உலகில் மூன்றாவது. ஆனால் அதிலிருந்து எடுக்கும் மின்சாரம் நாட்டின் தேவையில் சுமார் 0.3 சதவீதம். வளத்தில் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்குள் இருப்பது ஒரு காரணம். ஆழத்தில் ஆவியை உறிஞ்சினால் எங்கள் ஊற்று வற்றிவிடும் என்ற ஓன்சென் ஊர்களின் அச்சம் இன்னொன்று. மின்சாரத்துக்கு இறக்கும் துளைகள் குளியல் ஊற்றைவிட வெகு ஆழத்தில் இருப்பவை என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். ஊர்க்காரர்களோ பாறைக்குள் என்ன நடக்கும் என்று யாருக்கு உத்தரவாதமாகத் தெரியும் என்கிறார்கள். இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வோர் ஊற்றையும் ஆண்டுக்கணக்கில் அளந்து, அந்தக் கணக்கை ஊர்க்காரர் கையில் கொடுக்காமல் துளை போடுவது தவறு என்பது என் எண்ணம்.

ஃபுகுஷிமா மாகாணத்தின் சுசியு என்ற சிறிய ஓன்சென் ஊர் வேறொரு வழி கண்டிருக்கிறது. 2011 நிலநடுக்கத்துக்கும் அணு உலை விபத்துக்கும் பிறகு வருகிறவர்கள் குறைந்து, சில விடுதிகள் மூடியே போயின. ஊர்க்காரர்கள் புதிதாகத் துளை போடவில்லை. குளிக்க முடியாத அளவுக்குச் சூடாக ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஊற்றின் சூட்டைக்கொண்டு, 36 டிகிரியிலேயே கொதிக்கும் பென்டேன் என்ற திரவத்தை ஆவியாக்கி, அதில் சக்கரம் சுற்றவிட்டார்கள். 2015 முதல் 400 கிலோவாட் மின்சாரம் கிடைக்கிறது. ஊற்றுநீர் விடுதிகளுக்குப் போவதும் நிற்கவில்லை. இயந்திரத்தைக் குளிரவைத்து வெதுவெதுப்பாக வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் தொட்டிகளில் நிரப்பி, வெப்ப நாட்டு நன்னீர் இறால் வளர்க்கிறார்கள். வெளியே பனி குவிந்து கிடக்கிற மாதங்களிலும் உள்ளே இறால் வளர்ந்துகொண்டிருக்கிறது. வருகிறவர்கள் தூண்டில் போட்டு அதைப் பிடிக்கலாம்.